வத்தாளை என்று அவித்த கிழங்கு: கார்த்திகைக் கிழங்கு நஞ்சேறிய ஒரு நிகழ்வின் ஆய்வு

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து எங்கள் வாட்டுக்கு வந்த ஒரு தாயின் பதினெட்டு நாட்களை இங்கே எழுதுகிறேன். அவருடைய அனுமதியோடுதான் எழுதுகிறேன். பெயரையும் ஊரையும் விட்டுவிட்டேன். அவர் சாப்பிட்டது கார்த்திகைக் கிழங்கு. இலங்கையில் இந்த நஞ்சு புதிதல்ல, வைத்தியர்களுக்குத் தெரிந்ததுதான். இருந்தும் அவர் இரண்டாம் நாளிலேயே வீட்டுக்கு அனுப்பப்பட்டார். காரணம், அன்றைக்கு அவர் தேறிவிட்டார் போலவே இருந்தார்.

அந்தத் தேற்றம் ஏன் பொய்த்தது? உடலின் கலங்களுக்குள் (செல்களுக்குள்) ஒரு புரதம் எப்படித் தானாக அடுக்கடுக்காகச் சேர்ந்து குழாயாகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் இதற்கு விடை கிடைக்கும். அது தெரிந்தவருக்கு, இந்த நோயில் எந்த நாளில் எந்த உறுப்பு விழும், எப்போது எழும் என்பதை ஓரளவு முன்கூட்டியே சொல்ல முடியும். அதற்காகவே நோயாளியின் கதையையும் புரதத்தின் கதையையும் பிரிக்காமல் எழுதுகிறேன்.

வேலியோரத்துக் கிழங்கு

அவருக்கு 52 வயது. கணவர் வயல் செய்கிறார். வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் மரவள்ளி, சோளன், வேலியை ஒட்டி இரண்டு மேடை வத்தாளை, அதாவது சர்க்கரைவள்ளிக் கிழங்கு. மாசி மாதம். மாரி மழை ஓய்ந்து மண் இறுகத் தொடங்கியிருந்தது. பின்னேரம் வத்தாளை கிண்டி எடுத்து, கழுவி, இரவுச் சாப்பாட்டுக்கு அவித்திருக்கிறார்.

அந்த வேலியில் மாரி முழுக்கக் கார்த்திகைப் பூ பூத்திருந்தது. எங்கள் பக்கத்தில் இந்தக் கொடியைத் தெரியாதவர் இல்லை. இலை நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாகி எதையாவது பிடித்துக்கொண்டு ஏறும். மஞ்சளும் சிவப்புமாகத் தீ எரிவது போலப் பூ நிற்கும். சங்கப் புலவர்கள் பெண்களின் விரலுக்கு உவமை சொன்ன காந்தள் இதுதான். மழை போனதும் கொடி காய்ந்து மேலே ஒன்றுமே தெரியாது. கிழங்கு மட்டும் மண்ணுக்குள் அடுத்த மாரிக்காகக் கிடக்கும். வத்தாளை மேடையும் வேலியும் ஒட்டியிருந்ததால் மண்வெட்டி இரண்டையும் சேர்த்தே கிளறிவிட்டது.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன் (மகன் என்று கூப்பிடுவது என்னை; ஒள்ளுப்பம் என்றால் கொஞ்சம்): "வத்தாளை எண்டுதான் மகன் அவிச்சன். ஒள்ளுப்பம் கசந்திச்சி. மண்ணுக் கசப்பாக்கும் எண்டு நினைச்சன்." அவருடைய மகன் ஒரு துண்டைக் கடித்துவிட்டுக் கசக்கிறது என்று துப்பியிருக்கிறான். பிள்ளைகள் ஒதுக்கியதை வீணாக்காமல் தான் சாப்பிட்டு முடிப்பது எங்கள் அம்மாமாரின் பழக்கம். அவரும் அதைத்தான் செய்திருக்கிறார்.

அவித்தால் நஞ்சு போய்விடும் என்ற நம்பிக்கை பலரிடம் இருக்கிறது. மரவள்ளிக்கு அது ஓரளவு பொருந்தும். கார்த்திகைக் கிழங்குக்குப் பொருந்தாது. இதிலுள்ள கொல்சிசின் என்ற நஞ்சு கொதிநீருக்கு அசையாது.

முதல் இரண்டு நாட்கள்

இரவு எட்டு மணிக்குச் சாப்பாடு. சாமம் மூன்று மணிக்குச் சத்தி (வாந்தி). விடிவதற்குள் தண்ணீர் போல வயிற்றோட்டம், எண்ணிக்கை இல்லாமல். காலையில் ஓட்டோவில் பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சேலைன் ஏற்றினார்கள், சத்திக்கு ஊசி போட்டார்கள். இரத்தத்தில் வெண்குருதிக் கலங்கள் 18,400. வழமையில் 4,000 முதல் 11,000 வரை இருக்க வேண்டும். கூடியிருந்ததால் கிருமித்தொற்று என்றும், சாப்பாடு ஒத்துவரவில்லை என்றும் எடுத்துக்கொண்டார்கள். கிழங்கு சாப்பிட்டது அங்கே சொல்லப்பட்டது. எந்தக் கிழங்கு என்று யாரும் கேட்கவில்லை. அந்த ஆஸ்பத்திரியின் பெயரை எழுதப் போவதில்லை. நெருக்கடியான வாட்டில் ஒரு வயிற்றோட்டக்காரரை அப்படிப் பார்ப்பது எங்கும் நடக்கக்கூடியது.

மறுநாள் மத்தியானம் சத்தி நின்றுவிட்டது. வயிற்றோட்டம் இரண்டு மூன்று தடவையாகக் குறைந்தது. கஞ்சி குடித்தார். "இப்ப சுகம்தானே எண்டு துண்டு வெட்டி அனுப்பிட்டாங்க சேர்" என்றான் மகன். மூன்றாம் நாள் காலை கிணற்றடியில் நிற்க முடியாமல் சரிந்து விழுந்த பிறகே எங்களிடம் வந்தார்கள்.

வரும்போது நாடித்துடிப்பு 124. இரத்த அழுத்தம் 80க்கு 50. மூச்சு வேகமாக இருந்தது, கைகால் குளிர்ந்திருந்தது. சிறுநீரகமும் சுணங்கத் தொடங்கியிருந்தது. வெறும் நீரிழப்பு என்றால் அவ்வளவு சேலைனுக்குப் பிறகு இப்படி இருக்காது. அப்போதுதான் மகன் சொப்பிங் பேக்கில் வைத்திருந்த மிச்சக் கிழங்கை எடுத்தான். எங்கள் வாட்டில் வேலை செய்யும் வயதான சிற்றூழியர் ஒருவர் அதைத் தூரத்தில் கண்டதுமே, "ஐயோ, இது கார்த்திகைக் கிழங்கெல்லோ" என்றார். உண்மைதான். வத்தாளை நடு பருத்து இரு முனையும் ஒடுங்கியிருக்கும். இது இரண்டு விரலை விரித்தது போல, கலப்பை வளைவில் இருந்தது. கலப்பைக் கிழங்கு என்ற பெயரும் அதற்கு உண்டு.

கிழங்கு யாரென்று தெரிந்துவிட்டது. இனி என்ன நடக்கப் போகிறது என்று தெரிய வேண்டும். அதற்கு கலத்துக்குள் போக வேண்டும்.

குழாய் கட்டும் புரதம்

உடலின் ஏறத்தாழ எல்லாக் கலங்களுக்குள்ளும் நுண்புன்குழாய்கள் என்று ஒரு வலைப்பின்னல் இருக்கிறது. ரியூபியுலின் என்ற புரதத்தால் ஆனது. இந்தப் புரதம் எப்போதும் சோடியாகவே திரியும்: ஒரு அல்பா, ஒரு பீற்றா, இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று. சோடியின் நீளம் 8 நனோமீற்றர். ஒரு சோடியின் தலையில் அடுத்த சோடியின் அடி வந்து உட்கார, நீளமான ஒரு குச்சியாகிறது. பெரும்பாலும் 13 குச்சிகள் பக்கத்தில் பக்கம் நின்று வட்டமாக மூடிக்கொள்ளும்போது 25 நனோமீற்றர் அகலமான உட்குழிவான குழாய் கிடைக்கிறது. வாவியில் மீன் பிடிக்கக் கரப்புக் குத்துகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். குச்சிகளை வட்டமாக நிறுத்திக் கட்டிய அந்தக் கரப்பை மனத்தில் வைத்துக்கொண்டால் வடிவம் பிடிபடும். கரப்பைக் கட்ட ஒரு ஆள் வேண்டும், கயிறு வேண்டும். இங்கே ஆளும் இல்லை, கயிறும் இல்லை.

அது எப்படி என்பது எனக்கு இன்றுவரை வியப்பாகவே இருக்கிறது. சோடிகள் கலத்தின் நீர்ப்பகுதிக்குள் குறியில்லாமல் மோதி அலைகின்றன. பொருந்தும் முகமும் பொருந்தும் முகமும் சந்தித்தால் ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டும்போது இரண்டுக்கும் நடுவே வரிசையாக அடைபட்டிருந்த நீர் மூலக்கூறுகள் விடுபட்டுப் போகின்றன. சேர்க்கையைத் தள்ளிவிடுவதில் அந்த விடுதலைக்குப் பெரிய பங்குண்டு. சோதனைக்குழாயில் இதைக் கண்ணால் காணலாம். ரியூபியுலின் கரைசலை 37 பாகைக்குச் சூடாக்கினால் குழாய்கள் எழும். பனிக்கட்டியில் வைத்தால் கரைந்து சோடிகளாகப் போய்விடும். திரும்பச் சூடாக்கினால் திரும்ப எழும்.

ஆனால் சோடி உருவாவதற்கே உதவி தேவை. அல்பாவும் பீற்றாவும் அமினோ அமிலச் சங்கிலியாகப் பிறந்தவுடன் தாமாகச் சரியாக மடிவதில்லை. எட்டுத் துண்டுகள் கொண்ட வளையங்கள் இரண்டு அடுக்காக நிற்கும் ஒரு பெட்டிக்குள் போய், அங்கே மடிந்து வெளியே வர வேண்டும். பிறகு வேறு சில துணைப் புரதங்கள் கைமாற்றிக் கைமாற்றி இரண்டையும் சோடி சேர்க்கின்றன. குழாய் தானாகக் கட்டப்படுகிறது என்று சொல்லும்போது, அதற்கான கல்லை அரிய இவ்வளவு பேர் வேலை செய்கிறார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

இந்தக் குழாய்க்கு இன்னொரு குணம் உண்டு. எங்கள் நோயாளியின் கதை அதில்தான் தொங்குகிறது. ஒவ்வொரு சோடியும் ஜி.ரி.பி. என்ற சிறு சக்தி மூலக்கூறைச் சுமந்துகொண்டு வருகிறது. அது இருக்கும்வரை சோடி வரிசையில் நன்றாகப் பொருந்தி நிமிர்ந்து நிற்கும். குழாயில் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் பீற்றாவிலிருக்கும் ஜி.ரி.பி. உடைந்துபோகிறது. உடைந்ததும் சோடி வளையப் பார்க்கும். சுற்றியிருப்பவை பிடித்து வைத்திருப்பதால் வளைய முடியாமல் அடங்கி நிற்கும். நுனியில் புதிய சோடிகள் வந்து சேர்ந்துகொண்டே இருந்தால் நுனி உறுதியாக இருக்கும், குழாய் வளரும். வரவு குறைந்தால் நுனியின் காப்புப் போய்விடும். உரித்த வாழைப்பழத் தோல் போலக் குச்சிகள் வெளிப்பக்கமாகச் சுருண்டு, குழாய் சடசடவென்று அவிழும். வளர்வதும் அவிழ்வதும் மாறி மாறி நடக்கும். இந்த நிலையாமையை 1984இல் ரிம் மிட்சிசன், மார்க் கேர்ஷ்னர் என்ற இருவர் விவரித்தார்கள். கலம் பிரியும்போது உண்டாகும் குழாய்களில் பாதி, ஒரு நிமிடத்துக்குள்ளேயே அவிழ்ந்து புதிதாகக் கட்டப்படுகின்றன.

கொல்சிசின் நுழையும் இடம் இதுதான். சோடிக்குள் அல்பாவும் பீற்றாவும் தொடும் எல்லையில், பெரும்பாலும் பீற்றாப் பக்கமாக ஒரு பொந்து இருக்கிறது. கொல்சிசின் அதற்குள் போய் ஆப்பு வைத்தது போல இறுகிவிடும். ஆப்பு இறுகிய சோடி நிமிர முடியாது, வளைந்தே நிற்கும். அப்படிப்பட்ட ஒன்று நுனியில் போய் உட்கார்ந்தால் அதன்மேல் அடுத்தது சரியாக உட்காராது. அதனால் எல்லாச் சோடிகளையும் பிடிக்க வேண்டிய தேவை இந்த நஞ்சுக்கு இல்லை. நுனிகளுக்குப் போய்ச் சேரும் சிலவே போதும். அந்த அம்மாவின் உடலுக்குள் போன கொல்சிசினின் எடை சில அரிசி மணிகளுக்கு மேல் இருந்திருக்காது.

உள்ளே போனது எளிதில் வெளியே வருவதும் இல்லை. கொல்சிசினும் ரியூபியுலினும் சேர்ந்த பிடி பல மணி நேரத்துக்கு விடாது. நஞ்சு இரத்தத்தில் கொஞ்சமாகவும் இழையங்களுக்குள் நிறையவும் தங்கிவிடுகிறது. இரத்தத்தை இயந்திரத்தில் சுத்திகரித்தும் இதை எடுக்க முடியாதது இதனால்தான். இன்னொரு கொடுமையும் உண்டு. தனியாகத் திரியும் சோடிகள் கூடிவிட்டால் கலம் அதை அறிந்து, ரியூபியுலின் செய்வதற்கான செய்முறைப் பிரதிகளை (செய்தி ஆர்.என்.ஏ.க்களை) அழித்துவிடும். சாதாரண நாளில் அது நல்ல சிக்கனம். கொல்சிசின் குழாய்களை அவிழ்த்துச் சோடிகளைப் பெருக்கிய நாளில், கல் தட்டுப்பாடான வீட்டில் கல்லறுப்பதையும் நிறுத்திய கதையாகிவிடுகிறது.

இந்தப் புரதம் கண்டுபிடிக்கப்பட்டதே இந்த நஞ்சால்தான். 1967இல் சிக்காகோவில் காரி பொரிசியும் எட்வின் ரெய்லரும் கதிரியக்கம் ஏற்றிய கொல்சிசினைக் கலங்களுக்குக் கொடுத்து, அது எதில் போய் ஒட்டுகிறது என்று தேடினார்கள். பிரியும் கலங்களில் ஒட்டும் என்பது எதிர்பார்த்ததே. பிரியாத மூளை இழையத்திலும் ஏராளமாக ஒட்டியது. நரம்புகளிலும் இதே குழாய்கள் நெருக்கமாக ஓடுகின்றன என்பதற்கு அது அடையாளம். அடுத்த ஆண்டு யப்பானின் ஹிதெயோ மோரி அதற்கு ரியூபியுலின் என்று பெயர் வைத்தார். மூளையில் ஒட்டியது என்ற அந்தச் செய்தியை நினைவில் வையுங்கள். பதினெட்டாம் நாளில் அது திரும்ப வரும்.

எந்த உறுப்பு, எந்த நாள்

ஒரு கலம் இரண்டாகப் பிரிய, பரம்பரைச் செய்தியைச் சுமக்கும், இரட்டித்த 46 நிறமூர்த்தங்களையும் (குரோமோசோம்களையும்) சரிபாதியாக இழுத்துப் பிரிக்க வேண்டும். இழுப்பது நுண்புன்குழாய்களால் ஆன கதிர். ஒவ்வொரு நிறமூர்த்தமும் இரு பக்கமும் குழாயோடு கட்டப்பட்டாயிற்றா என்று கலம் பார்த்துக்கொண்டே இருக்கும். ஒன்று விடுபட்டாலும் பிரிவை நிறுத்தி வைக்கும். கொல்சிசின் ஏறிய கலத்தில் கதிரே இல்லை. கலம் காத்திருக்கிறது. மணிக்கணக்காகக் காத்திருந்து, கடைசியில் பல கலங்கள் தம்மைத் தாமே அழித்துக்கொள்கின்றன.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி: உடலில் யார் அடிக்கடி பிரிகிறார்கள்? யாரிடம் எத்தனை நாளைக்குக் கையிருப்பு இருக்கிறது?

குடலின் உட்படலம் மூன்று முதல் ஐந்து நாளில் முழுதாகப் புதுப்பிக்கப்படுகிறது. நஞ்சை முதலில் சந்திப்பதும் அதுதான். ஆகவே முதல் இரவே சத்தியும் வயிற்றோட்டமும். அது ஓய்ந்ததும் நஞ்சு போய்விட்டது என்று நினைக்கத் தோன்றும். அந்த நேரத்தில் நஞ்சு, எலும்புக்குள் இரத்தக் கலங்கள் உண்டாகும் இடமான என்பு மச்சைக்குள் உட்கார்ந்திருக்கிறது.

என்பு மச்சையில் வெண்குருதிக் கலங்களின் உற்பத்தி முதல் நாளிலேயே நின்றுபோகிறது. ஆனால் இரத்தப் பரிசோதனையில் அது தெரியாது. முதிர்ந்து, இனிப் பிரியத் தேவையில்லாத கலங்கள் பல நாட்களுக்குப் போதுமான அளவு மச்சையில் சேமிப்பாக இருக்கின்றன. உடல் நெருக்கடியில் அந்தச் சேமிப்பை வாரி வெளியே விடும். முதல் நாள் 18,400 என்று காட்டியது அதைத்தான். நெற்களஞ்சியத்திலிருந்து மூட்டைகள் வெளியே போவதைப் பார்த்து, விளைச்சல் நன்றாக இருக்கிறது என்று எண்ணிய மாதிரி. களஞ்சியம் தீரும் நாள்தான் ஆபத்து. அது ஏறத்தாழ நான்காம், ஐந்தாம் நாள்.

இரத்தத்தை உறையவைக்கும் குருதிச் சிறுதட்டுகளின் ஆயுள் ஏழு முதல் பத்து நாள். அவையும் இதே காலத்தில் இறங்கும். செங்குருதிக் கலத்தின் ஆயுள் 120 நாள் என்பதால், ஒரு வாரம் உற்பத்தி நின்றாலும் பெரிதாகத் தெரியாது. தலைமுடியின் வேர்க்கலங்களும் வேகமாகப் பிரிபவை. அவை நின்றதன் அடையாளம், முடி கழன்று விழ இரண்டு வாரம் அளவில் தெரியும். 1966இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் இலங்கையிலிருந்து வெளிவந்த ஒரு அறிக்கை, இந்தக் கிழங்கு தின்ற ஒருவருக்கு உடல் முழுவதும் முடி கொட்டியதைப் பற்றியதுதான்.

மூன்றாம் நாள் காலையிலேயே இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி நோயாளியின் கட்டிலோடு வைத்தோம். 5, 6: வெண்கலங்கள் விழும், காய்ச்சல் வரலாம், இரத்தம் கசியலாம். 9, 10: எழும். 12 முதல் 14: முடி. நேர்ஸ்மார் அதைப் பார்த்துத்தான் ஒவ்வொரு இரவையும் எதிர்கொண்டார்கள். மகனுக்கும் சொன்னேன். "சத்தி நிண்டுட்டே சேர், இன்னும் மோசமாகுமா?" என்று கேட்டான். ஆகும் என்றேன். சொல்லக் கஷ்டமாக இருந்தது. சொல்லாமல் விட்டிருந்தால் ஐந்தாம் நாள் எங்கள்மீது நம்பிக்கை போயிருக்கும்.

நாங்கள் செய்தது

மாற்று மருந்து என்று கையில் எதுவும் இல்லை. கொல்சிசினைப் பிடித்து இழுக்கும் பிறபொருளெதிரித் (அன்ரிபொடி) துண்டுகளைக் கொடுத்து ஒரு இளம்பெண்ணைக் காப்பாற்றியதாகப் பிரான்ஸ் வைத்தியர்கள் 1995இல் எழுதினார்கள். அது மருந்தாகக் கடைக்கு வரவே இல்லை. ஆகவே உடல் தன் கலங்களை மீட்டெடுக்கும்வரை அவரை உயிரோடு தாங்கிப் பிடிப்பதே வைத்தியம்.

மருத்துவக் கரித்தூளைத் திரும்பத் திரும்பக் கொடுத்தோம். மூன்றாம் நாளில் வயிற்றில் கிழங்கு இருக்காது. ஆனால் கொல்சிசின் பித்தத்தோடு குடலுக்குள் திரும்ப வரும், வரும்போது பிடிக்கலாம் என்ற எண்ணம். அளந்து சேலைன், இரத்த அழுத்தத்துக்கு மருந்து, பொட்டாசியமும் கல்சியமும் பார்த்துப் பார்த்து. இதயத்துடிப்பைத் தொடர்ந்து கண்காணித்தோம், ஏனென்றால் இந்த நஞ்சில் முதல் சில நாட்களில் வரும் மரணங்களில் இதயம் திடீரென்று நிற்பதும் உண்டு. சில நுண்ணுயிர்க்கொல்லிகளை, முக்கியமாகக் கிளாரித்ரோமைசினை, பக்கத்திலும் அண்டவிடவில்லை. கொல்சிசினை உடலிலிருந்து வெளியேற்றும் வழிகளை அது அடைத்துவிடும்.

அடுத்த கட்டிலில் ஒரு ஐயா இருந்தார். யூரிக் அமிலம் மூட்டில் படிந்து கால் பெருவிரல் வீங்கியவர். அவருக்கு நாங்கள் கொடுத்துக்கொண்டிருந்த குளிசையும் கொல்சிசின்தான், அரை மில்லிகிராம் அளவில். வீக்கத்துக்கு ஓடிவரும் வெண்கலங்களின் நடையையும் குழாய்கள் நடத்துவதால், கொஞ்சமாகக் கொடுத்தால் வீக்கம் அடங்கும். வீட்டில் அந்தக் குளிசை இருப்பவர்கள், வேறு வைத்தியரிடம் போகும்போது அதைச் சொல்லிவிட வேண்டும். பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.

ஐந்தாம் நாள் வெண்கலங்கள் 900. சிறுதட்டுகள் 24,000. பல் முரசிலிருந்து (ஈறிலிருந்து) இரத்தம் கசிந்தது. ஆறாம் நாள் இரவு காய்ச்சல் 39 பாகை. தனி அறைக்கு மாற்றி, பலமான நுண்ணுயிர்க்கொல்லி தொடங்கினோம்; சிறுதட்டு ஏற்றினோம்; மச்சையைத் தூண்டும் ஃபில்கிராஸ்ரிம் ஊசியும் போட்டோம். தூண்டுவதற்கு அங்கே பிரியக்கூடிய கலம் மிஞ்சியிருக்க வேண்டும், கதிர் கட்ட ரியூபியுலின் விடுபட்டிருக்க வேண்டும். ஊசி அதைச் செய்ததா, காலம் அதைச் செய்ததா என்று ஒரு நோயாளியை வைத்துச் சொல்ல முடியாது. ஏழாம் நாள் இரவு அவர் பேச்சுத் தடுமாறியது. மகன் வாசலில் நிலத்தில் படுத்திருந்தான். நான் வீட்டுக்குப் போகவில்லை.

ஒன்பதாம் நாள் 2,100. பத்தாம் நாள் 6,800. பதினோராம் நாள் 19,000. இந்த ஏற்றத்தை அனுபவமில்லாதவர்கள் திரும்பத் தொற்று வந்துவிட்டது என்று எண்ணலாம். நுண்ணோக்கியில் பார்த்தால் முதிராத இளம் வெண்கலங்கள் நிறையத் தெரியும். ஆப்பு எடுத்துவிட்ட மச்சை, தேங்கி நின்ற எல்லாப் பிரிவையும் ஒரே மூச்சில் செய்கிறது. அன்று அவருக்குக் காய்ச்சல் இல்லை. இடியப்பம் கேட்டார்.

பதின்மூன்றாம் நாள் விடிய, தலையணையில் கொத்துக் கொத்தாக முடி. முன்பே சொல்லியிருந்தும் அழுதுவிட்டார். "தலையில கை வைக்கப் பயமா இருக்கு மகன்" என்றார். வாட்டில் இருந்த ஒரு தங்கச்சி தன் சால்வையை எடுத்துக் கட்டிவிட்டா. முடி திரும்ப வரும் என்று நான் சொன்னது வெறும் ஆறுதலுக்காக இல்லை; வேரின் மூலக்கலங்கள் பெரும்பாலும் பிரியாமல் உறங்கிக் கிடப்பவை, கதிர் கட்டாதவரை இந்த நஞ்சு அவற்றைப் பெரிதாகத் தொடாது.

பதினெட்டாம் நாள்

வீட்டுக்குப் போகும் நாள் செருப்புப் போடக் குனிந்தவர், இடது கால் செருப்புக்குள் போனதா என்று கண்ணால் பார்த்தார். கேட்டேன். நான்கைந்து நாளாகப் பாதம் மரத்திருக்கிறதாம். பெரிய நோய்க்கு நடுவில் அதைச் சொல்லத் தோன்றவில்லையாம்.

நரம்புக்கலம் பிரிவதில்லை. அதற்குக் கதிர் வேண்டாம். ஆனால் முதுகுத்தண்டிலிருந்து பாதம் வரை ஒரு மீற்றருக்கு நீளும் தன் இழைக்குள் பொருட்களை அனுப்ப அது நுண்புன்குழாய்களைத்தான் பாதையாக வைத்திருக்கிறது. அந்தப் பாதையில் வேகமான சரக்கே ஒரு நாளைக்கு 400 மில்லிமீற்றர் அளவுக்குத்தான் போகும். அங்கேயுள்ள குழாய்கள் துணைப் புரதங்களால் இறுக்கப்பட்டவை என்பதால் கதிரைப் போல ஒரே இரவில் அவிழாது. மெல்லத் தேயும், மெல்லவே சீராகும். நீளமான நரம்பு முதலில் பாதிக்கப்படும், ஆகவே பாதம். பொரிசியும் ரெய்லரும் மூளை இழையத்தில் கண்டதன் மறுபக்கம் இந்த மரத்த கால்.

நாங்கள் விட்ட ஒன்றை இங்கே பதிய வேண்டும். கட்டிலோடு வைத்த தாளில் குடல், மச்சை, முடி எல்லாம் எழுதினோம், நரம்பை எழுதவில்லை. எழுதியிருந்தால் பன்னிரண்டாம் நாள் அளவிலேயே பாதத்தைத் தொட்டுப் பார்த்திருப்போம். இப்போது அந்தத் தாளில் அதற்கும் ஒரு வரி இருக்கிறது.

மகன் அன்றைக்குக் கடித்துத் துப்பிய துண்டில் கொஞ்சம் உள்ளே போயிருக்க வேண்டும். அவனுக்கு இரண்டு நாள் வயிற்றோட்டம் மட்டும். ஆனாலும் பத்து நாள் அவனுடைய இரத்தத்தையும் பார்த்தோம். எண்ணிக்கை இறங்கவில்லை.

இந்த நிகழ்விலிருந்து வாட்டில் நாங்கள் மாற்றியவை இரண்டு. வயிற்றோட்டத்தோடு வருபவர் கிழங்கு சாப்பிட்டதாகச் சொன்னால், மிச்சத்தையும் தோலையும் கொண்டுவரச் சொல்லிக் கேட்கிறோம். பார்த்து அடையாளம் சொல்ல வயதானவர் ஒருவரைக் கூப்பிடுகிறோம். கார்த்திகைக் கிழங்கு என்று சந்தேகம் வந்தால், சத்தி நின்றாலும், கஞ்சி குடித்தாலும், ஏழு நாளாவது வீட்டுக்கு விடுவதில்லை. நாள்தோறும் வெண்கலமும் சிறுதட்டும் எண்ணுகிறோம். பக்கத்துக் கிராமத்து ஆஸ்பத்திரிகளுக்கும் போய் இதைச் சொன்னோம். முதலில் அவரை அனுப்பிவிட்ட இடத்திலும் சொன்னோம். அங்கிருந்த இளம் வைத்தியர் அந்த நாட்கணக்கைத் தன் கையால் பிரதி எடுத்துக்கொண்டார்.

மூன்றாம் மாதம் கிளினிக்குக்கு வந்தார். தலையில் ஒரு விரற்கடை அளவுக்கு முடி, முன்னையதைவிடக் கறுப்பாக. வலது பாதம் சரியாகிவிட்டது. இடது பெருவிரலில் மட்டும் இன்னும் பஞ்சை மிதிப்பது போல இருக்கிறதாம். வேலியோரக் கொடியை வெட்டி எரித்துவிட வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் அம்மா, வத்தாளை மேடையை மற்றப் பக்கம் மாற்றினால் போதும் என்றேன். "அதான் மாத்திட்டம்" என்றார். "மறுகா, கார்த்திகையில அது பூக்கட்டும். வெளக்கு வைக்கிற மாசம்." அடுத்த கிளினிக் ஆவணியில். அன்றைக்கு அந்தப் பெருவிரலைத் திரும்பப் பார்க்க வேண்டும்.